லூர்து பிரகாஷ் மாட்டிய கேமராக்கள்

லூர்து பிரகாஷ் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் இறந்தார். கூட்டேரிப்பட்டில் ஒரு டயர் கடையின் கூரை நிழலில் போய் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் சொம்பில் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. பிப்ரவரி மாதம், வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றேகால். வயது நாற்பத்து நான்கு. மயிலம் பக்கம் ஒரு வீட்டுக்குக் கேமரா மாட்டப் போய்க்கொண்டிருந்தார்.

இதை அவர் மனைவி இருதயசெல்வி கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சொன்னாள். ஸ்டாண்டு, சாவி, டயர் கடை, பதினொன்றேகால். வரிசை மாறியதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் திண்டிவனத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். எண்களை நிறுத்தி, பிசகாமல் சொல்லுகிற பழக்கம் அங்கே வந்தது. புருஷன் செத்ததையும் அப்படியேதான் சொன்னாள்.

திண்டிவனம் ரோஷணையில் வாடகை வீடு. ஒரே மகள் சகாய பிரியா, விழுப்புரம் கல்லூரியில் முதல் வருஷம், தினமும் ரயிலில் போய் வருகிறவள். பிரகாஷுக்குக் கடை என்று எதுவும் கிடையாது. ஒரு வண்டி, ஒரு துளைபோடும் மிஷின், தோளில் மாட்டுகிற ஒரு கறுப்புப் பை, ஒரு போன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் எந்த ஊரில் யார் வீட்டுக்குக் கேமரா வேண்டுமென்றாலும் போவார்.

மூன்றாம் நாள், கல்லறைக்குப் போய் ஜெபம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அந்த போன் அடித்தது. சார்ஜ் போட்டு வைத்தது யார் என்று செல்விக்குத் தெரியவில்லை. எடுத்தாள்.

“பிரகாஷு, கிளியனூர்லேர்ந்து அப்பாதுரை பேசறேன். கேமரா போன்ல தெரிய மாட்டேங்குதுப்பா. ரெண்டு நாளா ஒரே பேஜாரா கீது.”

“அவரு இல்லீங்க.”

“எங்க போயிருக்காப்ல?”

“எறந்துட்டாருங்க. வெள்ளிக்கெழம.”

அப்பாதுரை, “இன்னாம்மா சொல்ற?” என்றார். செல்வி சொன்னாள். ஸ்டாண்டு, சாவி, டயர் கடை. அவர் இரண்டு மூன்று தடவை “அடக் கடவுளே” என்றார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தார்.

பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் அவரே.

“தப்பா எடுத்துக்காதம்மா. போன்ல ஏதோ பாஸ்வேர்டு கேட்டுக்கினே இருக்குது. அது மட்டும் எங்கனா எழுதி வெச்சிருக்காரா, கொஞ்சம் பாரேன்.”

செல்வி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்புப் பையைத் திறந்தாள். ஸ்க்ரூ டிரைவர்கள், வயர் வெட்டுகிற கட்டிங் பிளேயர், டப்பா நிறைய ஆணிகள், அடியில் நீல அட்டை போட்ட ஒரு நீளநோட்டு. பெயர், ஊர், எத்தனை கேமரா, எந்தத் தேதி, பாஸ்வேர்டு என்று பிரகாஷ் கோடு போட்டு எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்தில் எல்லா வரியிலும் ஒன்றே இருந்தது. மகளின் பெயர், பிறந்த வருஷம்.

“எழுதிக்குங்க,” என்றாள். “பிரியா. இங்கிலீஷ்ல. மொதல் எழுத்து மட்டும் பெருசு. அப்புறம் ரெண்டு, சைபர், சைபர், ஆறு. நடுவுல எடம் விடக் கூடாது.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரியா நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. அவள் அழும்போதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

அதற்குப் பிறகு போன் நிற்கவில்லை. எல்லாருடைய கேமராவும் கெட்டுப்போய்விட்டது என்றில்லை. சாவுச் செய்தி மெல்ல ஊர் ஊராகப் போனது. கேள்விப்பட்டவர்களுக்கு உடனே தங்கள் வீட்டுக் கேமரா ஞாபகம் வந்தது. முதலில் அதிர்ச்சி, அப்புறம் வயது, அப்புறம் பிள்ளைகள், அப்புறம் ஒரு சின்ன மௌனம். அந்த மௌனம் வந்தால் அடுத்தது பாஸ்வேர்டு என்று செல்விக்குப் பழகிவிட்டது. அடுப்பில் குக்கரை வைத்துக்கொண்டே சொல்வாள். மொதல் எழுத்து மட்டும் பெருசு. அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

அதைத்தான் தெருவில் பேசிக்கொண்டார்கள். கோயிலின் அன்பியக் குழுவிலிருந்து ஜெபமாலை சொல்ல வந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அழுதுடு செல்வி, உள்ளுக்குள்ள வெச்சுக்காத,” என்றார்கள். அவள் தலையாட்டினாள். உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். வைத்துக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள், ஒரு நாள் போடாமலே விட்டாள். பிரியா எதுவும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

மார்ச் கடைசியில் அப்பாதுரை மறுபடியும் கூப்பிட்டார். பழைய இன்டர்நெட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஃபைபர் லைன் போட்டிருக்கிறார்கள், அன்றிலிருந்து கேமரா ஒட்ட மாட்டேன் என்கிறது என்றார்.

“வேற யாரனா அனுப்பறியாம்மா?”

“யாரும் இல்லீங்களே.”

“இப்ப இன்னா பண்றது?”

“நான் வந்து பாக்கறேன்,” என்றாள் செல்வி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னால் பலபேர் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குச் செய்வதற்கு வேறு வேலை எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான். கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸில் ஏறிக் கிளியனூரில் இறங்கினாள்.

அப்பாதுரையின் வீடு ஊருக்கு வெளியே, நிலத்தை ஒட்டி இருந்தது. போன வருஷம் போர் மோட்டாரின் காப்பர் வயரை யாரோ அறுத்துக்கொண்டு போனதிலிருந்து வாசலில் கேமரா. களத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி வெள்ளையம்மாள் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தவள், பொம்பளை ஒருத்தி பையோடு வருவதைப் பார்த்து எழுந்து வந்தாள். யாரென்று தெரிந்ததும் எதுவும் கேட்காமல் உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள்.

செல்வி விழுப்புரத்தில் இருக்கும் வல்லரசுவுக்கு போன் போட்டாள். அவன் கடையில்தான் பிரகாஷ் கேமராக்கள் வாங்குவது வழக்கம். முப்பது வயதுப் பையன், சாவுக்கு வந்து சுவரோரமாக நின்றுவிட்டுப் போனவன்.

“போனை ஸ்பீக்கர்ல போட்டு வெச்சிருங்கக்கா, நான் சொல்லிக்கினே வர்றேன்,” என்றான். “அந்தக் கேமரா இன்னும் பழைய வைஃபை பேரையே தேடிக்கினு இருக்கும். அதை மறக்கடிக்கணும். அடியில ஊசி நொழையற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், பாருங்க. குத்தி, பத்து எண்ற வரைக்கும் வுடாதீங்க.”

முக்காலியில் ஏறி, சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். பத்து எண்ணினாள். கேமராவுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. வெள்ளையம்மாள் பயந்து பின்னால் நகர்ந்தாள்.

“இப்ப ஆப்பைத் தெறந்து, புது வைஃபை பேரு, அதோட பாஸ்வேர்டு ரெண்டையும் போடுங்க. கட்டம் கட்டமா ஒரு க்யூஆர் வரும். அதை கேமரா கண்ணுக்கு நேரா ஒரு சாண் தள்ளிக் காட்டுங்க. அது படிச்சுக்கும்.”

காட்டினாள். கேமரா டிங் என்றது. கொஞ்ச நேரம் கழித்து முடியவில்லை என்றது. மூன்று தடவை அப்படியே ஆனது. வெயில் முதுகில் ஏறியது. வல்லரசு இதைச் செய்து பாருங்கள், அதைச் செய்து பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். செல்வி அப்பாதுரையின் போனில் வந்த வைஃபை பெயர்களை மேலிருந்து கீழே ஒருமுறை நிதானமாகப் படித்தாள்.

“வல்லரசு, இங்க ஒரே பேரு ரெண்டு தடவ இருக்குது. ஒண்ணுத்துக்கு மட்டும் வாலுல 5ஜின்னு போட்டிருக்குது. நான் அதுலதான் இருக்கேன்.”

“ஆங்! அதான்க்கா! அந்தக் கேமராவுக்கு 5ஜி புரியாது. புதுப் பொட்டிங்க ரெண்டு வைஃபை வுடும். வால் இல்லாததுல ஏறுங்க.”

வால் இல்லாததில் ஏறினாள். மறுபடியும் ஊக்கு, பத்து, க்யூஆர். இந்தத் தடவை சிவப்பு விளக்கு நீலமானது. அப்பாதுரையின் போனில் களம் வந்தது, மல்லாட்டை வந்தது, காக்காய் வந்தது.

“ஐயே, நான் நிக்கறேன் பாரு!” என்று வெள்ளையம்மாள் கையை ஆட்டினாள். போனில் இருந்தவளும் ஒரு நொடி கழித்து ஆட்டினாள். அவள் திரும்பத் திரும்ப ஆட்டிச் சிரித்தாள். அப்பாதுரையும் சிரித்தார். செல்வி முக்காலியிலிருந்து இறங்கி, ஊக்கைத் துடைத்துச் சேலையில் குத்திக்கொண்டாள். சந்தோஷமாக இருக்க வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. பை நிறைய மல்லாட்டை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இரண்டு நாள் கழித்து வல்லரசு கூப்பிட்டான். “ஒண்ணு சொல்லணும்க்கா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் எல்லா வூட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு வெச்சிருக்காரு. அது ரொம்பத் தப்பு. ஒரு வூட்டுக்காரன் நெனைச்சா மீதி வூட்டையெல்லாம் எட்டிப் பாக்கலாம். எத்தினி வூடு?”

செல்வி நோட்டை எடுத்து எண்ணினாள். “நூத்திப் பதினெட்டு.”

“நீங்க யார் யாருக்கு அதைச் சொன்னீங்க?”

யோசித்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தாள். கேட்டவர்கள் வீட்டுக்காரர்கள்தானா என்று கூட அவள் பார்க்கவில்லை.

“நோட்டை எங்கிட்ட குடுத்துடுங்க. நம்ம ஆளுங்கள அனுப்பி மாத்தி வுட்டுடறேன்,” என்றான் வல்லரசு. நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். நூற்றுப் பதினெட்டு வாடிக்கை அவன் பக்கம் வருகிறது என்பதும் அதில் இருந்தது.

“பாக்கறேன்ப்பா,” என்றாள்.

மறுநாள் நோட்டின் முதல் வரியில் இருந்த வீட்டுக்குப் போனாள். அதற்கு மறுநாள் இரண்டாவது வரி. இப்படித்தான் அது தொடங்கியது. வேலைக்குப் போகிறோம் என்று அவள் நினைக்கவில்லை. மகளின் பெயரை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எடுத்துவிட்டு வர வேண்டும், அதுவரை வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்று இருந்தது.

போய் நின்று, இன்னார் மனைவி, பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்பாள். சில பேர் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். இரண்டு வீட்டில் நம்பவில்லை, நோட்டைக் காட்டச் சொன்னார்கள். புதுப் பாஸ்வேர்டை வீட்டுக்காரர்களே போட வேண்டும். அவர்கள் தட்டும்போது செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். போன இடத்தில் வேறு கோளாறு இருந்தால் வல்லரசுவைக் கேட்டுச் சரிசெய்தாள். ஜூன் பிறப்பதற்குள் அவனைக் கேட்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. அவனும் நோட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான்.

சுவரில் வயர் ஓடுகிற விதத்தைப் பார்த்தாலே பிரகாஷின் கை தெரிந்தது. ஒரு சாணுக்கு ஒரு க்ளிப். கேமராவுக்கு முன்னால் வயரைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டிருப்பார், மழைத்தண்ணீர் வயரோடு உள்ளே போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டுக்கு வீடு அவரைப் பற்றி ஏதாவது சொன்னார்கள். அவருக்கு நாய் என்றால் பயமாம். கட்டிப்போட்டால்தான் உள்ளே வருவாராம். பத்தொன்பது வருஷம் கூட இருந்தவளுக்கு அது தெரியாது. ஒரு வீட்டில், பாயசம் கொடுத்தால் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிப்பார் என்றார்கள். யாரோ ஒருத்தியின் புருஷனைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டாள்.

ஜூன் மாதம் மூன்றாம் வாரம் விழுப்புரத்தில் கவிதா என்பவருடைய வீட்டுக்குப் போனாள். கவிதா பெங்களூரில் வேலையில் இருப்பவர். வீடு பூட்டிக் கிடக்கிறது. அதற்காகவே கூடத்தில் ஒரு கேமரா. அதற்கு சிம் போடுகிற ஒரு சின்ன ரவுட்டர். சாவி எதிர் வீட்டில் இருந்தது.

“மாட்டின மறுநாளே கேமரா ஆஃப் ஆயிடுச்சுங்க,” என்றார் கவிதா போனில். “பிரகாஷ் சாருக்கு போன் பண்ணேன். சனிக்கெழம வந்து பாக்கறேன்னாரு. அப்புறம் அவரு எடுக்கல. எனக்கும் ஆபீஸ்ல ஒரே வேலை, அப்படியே வுட்டுட்டேன்.”

செல்வி நோட்டைப் பார்த்தாள். பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் டயர் கடை.

மெயின் போர்டில் ஒரு ஸ்விட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டாள். ஃபேன் சுற்றியது, ரவுட்டரில் விளக்கு வந்தது, கேமரா கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பிரகாஷின் போனில் ஆப்பைத் திறந்தாள். மற்ற வீடுகளில் கேமராவுக்குள் இருக்கும் கார்டு நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேலேயே புதிதை எழுதிக்கொண்டு போகும்; பத்து நாளைக்கு முந்தையது எதுவும் இருக்காது. இங்கே கரன்ட் இல்லாததால் எதுவும் எழுதப்படவில்லை. பிப்ரவரி செவ்வாயும் புதனில் பாதியும் அப்படியே இருந்தன. செவ்வாயின் தொடக்கத்தில் விரலை வைத்தாள்.

பிரகாஷ் வந்தார்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. முகம் மிகவும் கிட்டத்தில் இருந்தது, கேமராவை இறுக்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. பல்லில் ஒரு ஸ்க்ரூவைக் கடித்திருந்தார். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கிப் பின்னால் போய் நின்று இடக்கையைத் தூக்கிக் காட்டினார். தன் போனைப் பார்த்தார், வந்து கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தார். அப்போது போன் அடித்தது.

“சொல்லு,” என்றார். “விழுப்புரத்துலதான்... இன்னும் ஒரு மணி நேரம் ஆவும்... முட்டையா? எத்தினி?... சரி. வேலைல இருக்கேன், வை.”

போனைப் பையில் போட்டுவிட்டுத் தரையில் கிடந்த வயர்த் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினார். பையை மாட்டினார். கதவு சாத்துகிற சத்தம். அதற்குப் பிறகு காலி வீடு. எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம்.

செல்வி முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள். முட்டை வாங்கிவரச் சொன்னது நான்தான் என்று நினைத்தாள். அப்படிக் கேட்டது ஞாபகம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை.

கேமராவை பிரகாஷின் போனிலிருந்து எடுத்துவிட்டு கவிதாவின் பெயரில் சேர்த்தாள். புதிதாகச் சேர்த்ததும் ஆப் கேட்டது: கார்டில் பழைய பதிவுகள் இருக்கின்றன, அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? அவள் கவிதாவிடம், “பழசு எதுனா வேணுங்களா?” என்று கேட்டாள்.

“அதுல என்ன இருக்கப் போவுது, காலி வீடுதானே. அழிச்சுடுங்க.”

சரி என்பதைத் தொட்டாள். ஒரு வட்டம் சுற்றி நூறு சதவீதம் என்று காட்டியது. வீட்டைப் பூட்டி எதிர் வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலுக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலம் பிரியா கல்லூரியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தாள். செல்வி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு விழுப்புரத்துல உங்கப்பாவப் பாத்தேன்,” என்றாள்.

பிரியாவின் கை தட்டில் நின்றது. “எங்க?”

“ஒரு வூட்டு கேமராவுல. மாட்டின அன்னிக்கு எடுத்தது. நாலு நிமிஷம் இருந்துச்சு.”

“எங்க, காட்டு.”

“இல்லடி. ஃபார்மட் பண்ணிட்டேன்.”

“உன் போன்ல ஏத்திக்கினியா?”

“இல்ல.”

பிரியா கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். விளையாடுகிறாளா என்று தேடுகிற மாதிரி இருந்தது. “ஏம்மா?” என்றாள். “ஏம்மா அழிச்ச?”

“அவங்க அழிக்கச் சொன்னாங்க. அவங்க கார்டு.”

பிரியா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். குழாயைத் திறக்கவில்லை. கூடத்திலேயே நின்று அழுதாள். “நீ என்னம்மா ஆளு? உனக்கு ஒண்ணுமே இல்லையா? ஊருக்கெல்லாம் என் பேரைச் சொல்லிக்கினு திரியற, அப்பாவ ஒரு பட்டன தட்டி அழிச்சிட்டு வந்து பீன்ஸ் நறுக்கற!”

செல்வி பீன்ஸை நறுக்கி முடித்தாள்.

எட்டு நாள் பிரியா அவளோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் சனிக்கிழமை காலை, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி கேட்டாள்: “அந்த வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்குது? அழிச்சதை எடுக்க முடியும்னு காலேஜ்ல சொல்றாங்க.”

செல்வி கவிதாவுக்கு போன் போட்டு உள்ளதைச் சொன்னாள். கவிதா, “எனக்குத் தெரியலையே செல்வி. நீங்க சொல்லியிருக்கலாமே. கார்டை எடுத்துக்குங்க, நீங்களே வெச்சுக்குங்க,” என்றார்.

இரண்டு பேரும் ஒன்பது மணி ரயிலில் போனார்கள். எதிரெதிர் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். கவிதாவின் வீட்டில் செல்வி ஸ்டூலில் ஏறிக் கார்டை எடுத்தாள். பிரியா அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் ஓடிய வயரைத் தொட்டுப் பார்த்தாள். கார்டைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

வல்லரசு அதைக் கம்ப்யூட்டரில் போட்டு ஏதோ ஒரு புரோகிராமை ஓடவிட்டான். இரண்டு மணி நேரம் ஆகும் என்றது. அவன் வாடிக்கைக்காரர்களைக் கவனித்துக்கொண்டே வந்து வந்து பார்த்தான். கடைசியில் வரிசையாகக் கோப்புகள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தான். எல்லாவற்றிலும் கவிதாவின் கூடம். மூடிய கதவு, ஃபேன், சுவரில் மெல்ல நகர்கிற ஜன்னல் வெயில். தேதி எல்லாமே ஜூன். பிப்ரவரி என்று வந்த ஒன்று இரண்டும் சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக உறைந்து நின்றன. சத்தமும் இல்லை.

“ஸ்விட்ச்ச போட்டதுலேர்ந்து அது ரெக்கார்டு பண்ணிக்கினே இருந்திருக்குது பாப்பா,” என்றான் வல்லரசு. “ஒம்பது நாளு. சின்ன கார்டு. மேல எழுதிடுச்சு. அன்னிக்கே எடுத்திருந்தா...” என்றவன் செல்வியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

“வேற கம்ப்யூட்டர்ல போட்டா வருமாண்ணா?”

“வராது பாப்பா.”

பிரியா கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அழவில்லை. வெளியே வந்ததும் நிற்காமல் நடந்தாள். செல்வி பின்னால் போனாள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டல் வாசலில் பிரியா நின்றாள். இரண்டு பேரும் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து சாப்பாடு சொன்னார்கள். இலை போட்டார்கள்.

“எனக்கு ஒண்ணுமே ஆவ மாட்டேங்குதுடி,” என்றாள் செல்வி. இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அவர் மொகத்த அவ்ளோ கிட்ட பாக்கறேன். எதுவும் வரல. மரத்துப்போன காலு மாதிரி. என் காலுதான்னு தெரியுது, கிள்ளினா தெரிய மாட்டேங்குது. வேணும்னு அழிக்கல. வெச்சுக்கணும்னு தோணல. தோணியிருக்கணும்.”

சாம்பார் வந்தது. ஊற்றிவிட்டுப் போனார்கள்.

“எப்பலேர்ந்து?” என்றாள் பிரியா.

“அன்னிலேர்ந்துதான்.”

“அதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ பயப்படுவ.”

பிரியா சோற்றைப் பிசைந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு இடக்கையால் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். “அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லு. மொத்தமும். நான் எழுதிக்கறேன்.”

செல்வி சொன்னாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. நெற்றியில் வேர்வை. பல்லில் ஸ்க்ரூ. ஸ்டூலிலிருந்து இறங்கி இடக்கையைத் தூக்கினது. பிரியா இடக்கைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே நடுநடுவே கேட்டாள்.

“சிரிச்சாரா?”

“இல்ல.”

“தாடி இருந்துச்சா?”

“ரெண்டு நாளு தாடி.”

“செருப்பு?”

“கழட்டியிருந்தாரு. வெறுங்காலு.”

போன் அடித்ததைச் சொன்னாள். அவர் பேசிய ஒவ்வொரு சொல்லையும், நடுவில் விட்ட இடைவெளியோடு, எஸ்.டி.டி. பூத்தில் எண்களைத் திருப்பிச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முட்டையா? எத்தினி? சரி. வேலைல இருக்கேன், வை. வயர்த் துண்டைப் பொறுக்கினதைச் சொன்னாள். கதவுச் சத்தத்தைச் சொன்னாள். எதையும் விடவில்லை. பிரியா எழுதி முடித்து ஒரு தடவை படித்தாள்.

“அன்னிக்கு முட்டை வாங்கினு வந்தாரா, எனக்கு ஞாபகமே இல்லடி,” என்றாள் செல்வி.

“வாங்கினு வந்தாரு. வண்டியில மாட்டிக்கினு வந்ததுல ரெண்டு ஒடஞ்சிடுச்சு. பையெல்லாம் வழிஞ்சிருந்துச்சு. நீ திட்டின.”

“திட்டினேனா?”

“நல்லா திட்டின. அவரு அந்த ஒடஞ்ச ரெண்டையும் அவரே ஆம்லேட் போட்டுத் தின்னாரு. உனக்குக் குடுக்கல.”

செல்வி கையை இலையில் வைத்தபடியே இருந்தாள். ரசம் ஊற்றுகிறவர் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

“வெங்காயம் போட்டாரா?” என்று கேட்டாள்.

“போட்டாரு. பெருசு பெருசா நறுக்கி.”

மூன்று மணிக்கு ஒரு ரயில் இருந்தது. அதில் திரும்பினார்கள். வழியில் இரண்டு தடவை பிரகாஷின் போன் அடித்தது. ஒன்று கண்டமங்கலத்திலிருந்து ஒரு பெண். வாசலுக்குப் புதிதாகக் கேமரா மாட்ட வேண்டும், எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். நோட்டில் இல்லாத பெயர். செல்வி திங்கட்கிழமை வருகிறேன் என்றாள். வீட்டில் வைஃபை பெட்டி எந்த அறையில் இருக்கிறது, வாசலுக்கும் அதற்கும் நடுவில் எத்தனை சுவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அழுகை அதற்குப் பிறகும் வரவில்லை. நோட்டில் இருந்த நூற்றுப் பதினெட்டில் நூற்று ஒன்பது வீடுகளில் மாற்றி முடித்தாள். இரண்டு பேர் தேவையில்லை என்றார்கள், ஏழு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிரியா அந்தக் கார்டைத் தன் பெட்டியில் வைத்திருக்கிறாள். சாயங்காலங்களில் சில நாள் அவள் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லுவாள். செல்வி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள், நடுவில் ஒன்றிரண்டு கேள்வி கேட்பாள்.